மாவட்டப் பக்கமும் கல்லூரி வகுப்பும்

நாளிதழ் வாங்காத கல்லூரி நூலகத்தைக் காண்பது அரிது. நூலக மேசையிலிருந்து அந்த நாளிதழ் வகுப்பறைக்குள் வருவது அதைவிட அரிது. மேசையில் விரித்துக் கிடக்கும் தாளை மாணவர்கள் நின்றபடியே புரட்டுகிறார்கள். விளையாட்டு, சினிமா, வேலைவாய்ப்பு அறிவிப்பு என்று மூன்று இடங்களில் கண் நிற்கிறது. மணியடித்ததும் அவரவர் பாடப்புத்தகத்துக்குப் போய்விடுகிறார்கள். நாளிதழைப் பாடக் கருவியாக்க வேண்டும் என்ற யோசனை பழையது. கருத்தரங்குகளில் அடிக்கடி பேசப்படுவது. அது எங்கே பலித்தது, எங்கே சடங்காகிப் போனது, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் கல்லூரிகளுக்கு எந்த வடிவம் பொருந்தும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வகுப்புக்குள் முதலில் வர வேண்டியது தலையங்கமும் அல்ல, தில்லிச் செய்தியும் அல்ல. மாவட்டச் செய்திப் பக்கம். பாடப்புத்தகத்தின் முன் வாய் திறக்கத் தயங்கும் மாணவர், தன் ஊர்ச் செய்தியின் முன் விவரம் தெரிந்தவர் ஆகிவிடுகிறார். அச்சில் வந்ததைச் சரிபார்க்கும் தகுதி அவருக்கு இருக்கிறது. அந்தத் தகுதியிலிருந்துதான் வாசிப்பைத் தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பத்திரிகைக்கும் வகுப்பறைக்கும் உள்ள உறவு நெருக்கமானது. 1878-ல் 'தி இந்து'வைத் தொடங்கிய ஆறு இளைஞர்களில் இருவர் ஆசிரியர்கள், நால்வர் சட்ட மாணவர்கள். அந்த ஆசிரியர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர்தான் 1882-ல் 'சுதேசமித்திர'னையும் தொடங்கினார். மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில காலம் தமிழாசிரியராக இருந்த பாரதி, 1904-ல் அங்கிருந்து 'சுதேசமித்திர'னுக்கே போனார். பிறகு அவருடைய 'இந்தியா' வெளிவந்த புதுச்சேரி, விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம். 1942-ல் 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் செய்தி புரிய வேண்டும் என்பதையே கொள்கையாக வைத்துக்கொண்டார். செய்தியாளர்களுக்காக 'இதழாளர் கையேடு' என்று ஒரு நூலும் எழுதினார். டீக்கடையிலும் முடிதிருத்தகத்திலும் படிப்பகத்திலும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டு விவாதித்தார்களே, அது மிக நல்ல வகுப்பு. கல்லூரிகள் அதைக் கவனிக்கவே இல்லை.

வெளிநாடுகளில் இது திட்டமாகவே நடந்திருக்கிறது. 'நியூயார்க் டைம்ஸ்' 1930-களிலேயே பள்ளிகளுக்கு நாளிதழ் கொடுக்கத் தொடங்கியது. 'கல்வியில் நாளிதழ்' என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவில் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வும் 'தி இந்து'வும் அதை எடுத்துக்கொண்டன. தமிழில் 'தினமலர்' மாணவர்களுக்காகப் 'பட்டம்' வெளியிட்டது. 'இந்து தமிழ் திசை' 'வெற்றிக்கொடி'யைக் கொண்டுவந்தது. நல்ல முயற்சிகள்தாம். ஆனால் எல்லாமே பள்ளியை நோக்கியவை. மாணவருக்கென்று தனியாகத் தயாரிக்கப்படும் இதழில் செய்தியின் கரடுமுரடு இருக்காது. கல்லூரி வயதுக்கு அந்தக் கரடுமுரடுதான் தேவை: முடிவு தெரியாத வழக்கு, ஒன்றுக்கொன்று ஒத்துவராத எண்கள், ஒரு தரப்பின் பேச்சு மட்டும் வந்திருக்கும் செய்தி.

ஆய்வுகள் சொல்வதில் இரண்டு இங்கே பயன்படும். 1988-ல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 பள்ளி மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்துச் சோதித்தார்கள். படிப்பில் பின்தங்கியவர்களாகக் கருதப்பட்டு, ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்தவர்கள், படிப்பில் கெட்டியாக இருந்து ஆட்டம் தெரியாதவர்களைவிட அந்தப் பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். வாசிப்புத் திறன் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு பொருளறிவு என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் சோதனை இது. இரண்டாவது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ செய்தது. வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், செய்திச் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர் இணையப் பக்கங்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று உடன் இருந்து பார்த்தார்கள். பேராசிரியர்களிலும் மாணவர்களிலும் பலர் ஒரே பக்கத்தை மேலும் கீழுமாக நகர்த்தி ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் மட்டும் உடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே போய், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். தெரிந்த பொருளிலிருந்து தொடங்கு. ஒன்றை மட்டும் படிக்காதே, பக்கத்தில் இன்னொன்றையும் வை. வகுப்புக்குத் தேவையான இரண்டு விதிகளும் இந்த இரண்டு ஆய்வுகளில் இருக்கின்றன.

ஒரே செய்திக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் படிக்கும் வசதியும் இந்த வட்டாரத்துக்கு இருக்கிறது. 'தினமணி'க்கு விழுப்புரம் பதிப்பு உண்டு. 'தினமலர்' புதுச்சேரியிலும், 'தினத்தந்தி' கடலூர், புதுச்சேரியிலும் பதிப்பு வைத்திருக்கின்றன. செஞ்சியில் நடந்ததும் மரக்காணத்தில் நடந்ததும் மறுநாள் காலை இரண்டு மூன்று விதமாக அச்சாகி வருகின்றன.

ஒரு செய்தியை எடுத்துப் பார்ப்போம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையிலுள்ள மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை. புயல் கரையைக் கடந்து முடிந்தபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. வெளியூர்ப் பிரதிகளை முன்னதாகவே அச்சிட்டு வண்டியில் ஏற்ற வேண்டும். அதனால் டிசம்பர் 1 காலைப் பத்திரிகையில் கிடைப்பது முந்தைய இரவின் பாதிதான். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. அரசூரில் தேசிய நெடுஞ்சாலையின் மேலேயே வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே ரயில் நின்றது. முன்னெச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. கொடுக்கவில்லை என்றன எதிர்க்கட்சிகள்.

இந்த மூன்று நாள் தாள்களை நான்கு துறைகளில் நான்கு விதமாகப் படிக்கலாம். கணித வகுப்பில் முதல் கேள்வி: 50 செ.மீ. என்றால் எவ்வளவு? ஒரு ஏக்கர் நிலத்தில் அரை மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 20 லட்சம் லிட்டர். ஒரு கன அடி 28.3 லிட்டர், ஆகவே 1.68 லட்சம் கன அடி என்பது விநாடிக்கு 47 லட்சம் லிட்டருக்கு மேல். இரண்டு ஏக்கர் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் ஒரு நாள் முழுக்கப் பெய்த மழையைவிட அதிகமான தண்ணீரை ஆறு ஒவ்வொரு விநாடியும் கொண்டுபோயிருக்கிறது. அரசூர்ப் பக்கத்து மாணவருக்கு அந்த எண் வெறும் எண்ணாக இருக்காது. புவியியல் வகுப்பில் மயிலத்து மழைக்கும் அரசூர் வெள்ளத்துக்கும் உள்ள தூரத்தைப் பேசலாம். அரசூரை மூழ்கடித்த தண்ணீரில் பெரும்பகுதி திருவண்ணாமலை மாவட்டத்து அணையைத் தாண்டி வந்தது. அரசியல் அறிவியலில் எச்சரிக்கை பற்றிய வழக்கு: இரு தரப்பும் சொன்னவற்றை இரண்டு நிரலாக எழுதி, தன் ஊருக்கு எச்சரிக்கை வந்ததா, யார் மூலம், எத்தனை மணிக்கு என்று மாணவர் வீட்டில் கேட்டு வந்து மூன்றாவது நிரலை நிரப்ப வேண்டும். இதழியல் படிப்பவருக்கு, டிசம்பர் 1 தாளில் ஏன் பாதிச் செய்தி வந்தது என்பதே பாடம். அந்த மூன்றாவது நிரலை எந்தப் பாடநூலும் தராது, எந்தச் சென்னைக் கல்லூரியும் தர முடியாது.

வணிகவியல் வகுப்புக்கு இன்னும் சின்னச் செய்தி போதும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் விலைப்பட்டியல், நிலக்கடலைக்கு 'மணிலா மூட்டை' குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று மூலையில் வரும். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த நிலக்கடலைக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். ஊர் விலை இதற்கு மேலா கீழா? நான்கு வரிக் கணக்கு என்று தோன்றும். மூட்டை 80 கிலோவா, 40 கிலோவா? பட்டியலில் இருப்பது ஓட்டுக்கடலையா, உடைத்த பருப்பா? ஆதரவு விலை ஓட்டோடு கூடிய கடலைக்கு. இதைக் கேட்காமல் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கணக்கு அடியோடு தப்பும். வகுப்பில் இந்தக் கேள்வியை முதலில் கேட்கக்கூடியவர் கொல்லையில் கடலை பிடுங்கிய வீட்டுப் பிள்ளைதான். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்கள் அங்கிருந்து வந்தவை. தாவரவியல் வகுப்பு அந்தச் செய்தியை அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

வேதியியலுக்குத் துயரமான செய்தி ஒன்று இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்து 14 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டிலும் காரணம் மெத்தனால். அது உடலுக்குள் ஃபார்மால்டிஹைடாகவும் பின்பு ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது; அந்த அமிலம்தான் பார்வை நரம்பைக் கெடுக்கிறது. ஆல்கஹால் ஆக்சிஜனேற்றம் என்று பாடத்தில் சமன்பாடாக இருப்பது இதுதான். அந்த நாட்களின் தாள்களைத் தேதி வாரியாக அடுக்கினால் இறந்தோர் எண்ணிக்கை நாள்தோறும் மாறும். எண்ணை எழுதும்போது தேதியையும் சேர்த்து எழுத வேண்டும் என்ற பழக்கம் அப்போது தானாகப் படியும்.

வரலாற்றுத் துறைக்குச் செஞ்சி. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பட்டியலில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை செஞ்சி. சிவாஜி அதைப் பிடித்தது 1677-ல். கோனார் வம்சம், விஜயநகர நாயக்கர், பீஜாப்பூர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பலர் ஆண்ட கோட்டை ஒரு பெயருக்குள் வந்தது எப்படி என்று செய்தியையும் நூலகத்து நூலையும் சேர்த்து வைத்துக் கேட்டால், அது ஒரு பருவத் தேர்வுக்குரிய கேள்வி.

ஆங்கில வகுப்பில்தான் நாளிதழ் அதிகம் பரிந்துரைக்கப்படுகிறது, அதிகம் தோற்பதும் அங்கேதான். தமிழ்வழியில் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த மாணவர் கையில் ஆங்கிலத் தலையங்கத்தைக் கொடுத்து, கடினச் சொற்களுக்குக் கோடு போடு, அகராதி பார் என்கிறோம். இருபது சொல்லுக்கு அகராதி பார்த்தவர் இருபத்தோராவது சொல்லில் தாளை மடித்து வைத்துவிடுகிறார். முதல் நாள் தமிழ் நாளிதழில் மயிலம் மழைச் செய்தியை நன்றாகப் படித்து விவாதித்துவிட்டு, மறுநாள் அதே செய்தியை ஆங்கிலத் தாளில் கொடுத்துப் பார்க்க வேண்டும். யார், எங்கே, எப்போது, எவ்வளவு என்பதெல்லாம் தெரிந்த பிறகு, தெரியாத சொல்லின் பொருளை மாணவரே ஊகித்துக்கொள்வார். நடந்து முடிந்ததை ஆங்கிலத் தலைப்பு நிகழ்காலத்தில் சொல்வதையும், துணை வினைகளை விழுங்குவதையும் அப்போது காட்டலாம். தமிழ்த் தலைப்பும் வினைமுற்றை விழுங்கும். மாணவருக்கு அது பழகியதுதான். பேஸ்பால் ஆய்வு சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது. விழுப்புரம் மாவட்டச் செய்தி ஆங்கில நாளிதழ்களில் அன்றாடம் வருவதில்லை என்பது உண்மை. வரும் நாளைத் தவறவிடக் கூடாது.

இனி, ஆசிரியர்கள் தயங்கும் இடம். இந்த மாவட்டத்தின் செய்தி பெரிதாக வெளியே போனபோது பலமுறை அதில் சாதி இருந்திருக்கிறது. 1978-ல் விழுப்புரத்தில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். 1987 செப்டம்பரில் வன்னியர் இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் பட்டியல் சாதியினர் நுழைவது தொடர்பான தகராறில் 2023 ஜூனில் கோயிலுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி பூசைக்காகத் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில்தான் பட்டியல் சாதி மக்கள் உள்ளே சென்று வழிபட்டார்கள். இந்தச் செய்திகளின் இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். வம்பு வேண்டாம் என்று ஆசிரியர் தாளைப் புரட்டிவிடுகிறார். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வகுப்பில் பேசாததை மாணவர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பேசுகிறார்கள், அங்கே சரிபார்க்க யாரும் இல்லை.

இதற்கு வழி, சாதிச் செய்தியை முதல் மாதத்தில் எடுக்காமல் இருப்பது. மழையிலும் விலையிலும் பழகிய கேள்விகளை அப்படியே இங்கேயும் கேட்கலாம்: செய்தியில் யார் பேசுகிறார்கள்? யாருடைய பெயர் வந்திருக்கிறது, யார் 'ஒரு தரப்பினர்' ஆகிவிட்டார்கள்? மேல்பாதிச் செய்தி எந்த மாதங்களில் தாளில் இருந்தது, எந்த மாதங்களில் காணாமல் போனது? கோயில் மூடியிருந்த காலம் முழுவதும் சிக்கல் இருந்தது, செய்தி இருக்கவில்லை. இது யாரையும் புண்படுத்தாமல் எல்லோரும் கணக்கெடுக்கக்கூடிய உண்மை.

குற்றச் செய்திகளை நான் தனியாகச் சொல்ல வேண்டும். 'திருட்டு வழக்கில் இருவர் கைது' என்று ஆறு வரியில் வரும் செய்தியின் மூலம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று: காவல் துறைக் குறிப்பு. பிடிபட்டவர் இருளராக இருந்தால் அவர் சொன்னது அந்த ஆறு வரியில் இருக்காது. பொய் வழக்குகளிலிருந்து இருளர்களைக் காக்கப் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டிய பேராசிரியர் பிரபா கல்விமணி, திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். அவர் பணியாற்றிய கல்லூரியில் இன்று படிக்கும் மாணவர், அந்த ஆறு வரியில் யார் பேசவில்லை என்று கேட்கக் கற்றுக்கொள்ளாமல் பட்டம் வாங்கிக்கொண்டு போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எதிர்வாதங்கள் உண்டு. மாணவர்கள் ஏற்கெனவே நாளிதழ் படிக்கிறார்களே, குரூப் 4, குரூப் 2 என்ற அரசுப் பணித் தேர்வுகளுக்காக என்பார்கள். படிக்கிறார்கள், ஒரு வரிக் குறிப்பாக நறுக்கி எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுகிறார்கள். எந்த நாளில், எந்த இடத்தில், யாருக்கு விருது என்பது தேர்வுக்கு உதவும். ஏன், எப்படி என்பவை அந்த நறுக்கலில் விழுந்துவிடுகின்றன. தேர்வுக்குப் படிப்பது தவறில்லை. இங்கே அரசு வேலை என்பது ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றும் விஷயம். வகுப்பு அதே செய்தியின் மீதிப் பாதியைக் கொடுக்கட்டும் என்கிறேன். நாளிதழ்கள் பக்கச் சார்பானவை என்பது அடுத்த வாதம். ஆம். ஒரே தாளை வாங்கி அதையே வேதமாக வைத்தால் அது பிரச்சாரம் ஆகும். இரண்டு தாள் வாங்கினால் சார்பே பாடமாகிவிடும். விளம்பரமா செய்தியா என்று பிரிக்க முடியாதபடி வரும் பக்கங்களையும் அப்படியே வகுப்பில் விரிக்க வேண்டும்.

கைப்பேசி இருக்கும்போது தாள் எதற்கு என்பது நியாயமான கேள்வி. கைப்பேசியில் வரும் செய்தி அட்டையைப் போலியாகச் செய்வது எளிது. தேதியும் இடமும் இல்லாமல் சுற்றும். தாளில் தேதி இருக்கிறது, பதிப்பு இருக்கிறது, அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கின்றன. பொறுப்பேற்க ஆள் இருக்கும் எழுத்துக்கும் இல்லாத எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் குட்டி எழுத்து வரிகளைக் காட்டியே கற்பிக்கலாம். அதன் பிறகு கைப்பேசியை எடுத்து, வைன்பர்க் பார்த்த சரிபார்ப்பாளர்களைப் போல வெளியே போய்த் தேடட்டும்.

செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு தாளின் விலை ஒரு டீ விலையைத் தாண்டாது. வகுப்புக்கு இரண்டு தமிழ்த் தாள், ஓர் ஆங்கிலத் தாள் போதும். தேவையான செய்தியை நகலெடுத்துக் கொடுக்கலாம். கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதை 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிக்கிறது; தில்லிப் பல்கலைக்கழக நகலகம் பற்றிய வழக்கில் 2016-ல் தில்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை விரிவாகவே பொருள் கொண்டது. உண்மையான தடை மதிப்பெண். தேர்வில் வராததை மாணவர் படிக்கமாட்டார், நேரமில்லாத ஆசிரியர் நடத்தமாட்டார். இந்த மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அகமதிப்பீட்டுக்கு உள்ள 25 மதிப்பெண்ணில் 5-ஐ இதற்கு ஒதுக்கலாம். ஒரு பருவத்துக்கு ஒரு செய்தி. அதை இரண்டு தாள்களில் தொடர்ந்து படித்து, ஊரில் விசாரித்து, நான்கு பக்கம் எழுத வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். பார்த்து எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்புகளைவிட இது திருத்தவும் எளிது; ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுத முடியாது, ஏனென்றால் ஒருவர் ஊர் இன்னொருவர் ஊர் அல்ல.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மாவட்டப் பக்கம் அந்தப் பதிப்பில் மட்டும் வருவது. சென்னைப் பதிப்பைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகத்தில் 2024 டிசம்பர் 1, 2, 3 தேதிகளின் விழுப்புரம், புதுச்சேரி, கடலூர்ப் பக்கங்கள் கிடைக்காது. திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ மயிலத்திலோ உங்கள் வீட்டுப் பரணில் அந்த நாட்களின் தாள்கள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்துக் கல்லூரி நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். கல்லூரி நூலகர்களும் இன்றைய தாளிலிருந்து மாவட்டப் பக்கத்தை மட்டுமாவது எடுத்துத் தேதி வாரியாகக் கட்டி வைக்கத் தொடங்கட்டும்.